பதில் வந்த பிறகு

இசக்கிராஜாவை ஜெபக்கனி முதன்முதலில் பார்த்தபோது அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மருத்துவமனையின் நினைவெடுப்புப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். செருப்போடு உள்ளே வரலாம் என்று சொன்ன பிறகும் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. வயது நாற்பத்து மூன்று. பாளையங்கோட்டையிலிருந்து கிழக்கே போகும் கிராமத்துத் தடத்தில் தனியார் பஸ் ஓட்டியவர். பெரிய சாலைகளில் ஓட்டுநர் இல்லாத வண்டிகள் வந்து பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. ஆடும் மாடும் நடுரோட்டில் படுத்துக்கிடக்கும் அந்தத் தடத்துக்கு மட்டும் இன்னும் ஓட்ட ஆள் வேண்டியிருந்தது. இரண்டு வருஷமாக அவருக்கு வலிப்பு. மாதத்துக்கு ஒன்று என்று தொடங்கி, நாளுக்கு மூன்று என்று வந்து நின்றது. வண்டியைத் தொட்டும் இரண்டு வருஷம் ஆயிற்று.

வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று டாக்டர்கள் படமெடுத்துப் பார்த்திருந்தார்கள். மகளைப் பற்றிய நினைவுகள் இருந்த இடத்திலிருந்துதான். மகள் பெயர் எழிலி. ஒரே பிள்ளை. இரண்டு வருஷத்துக்கு முன், ஒன்பது வயதில் இறந்துபோனாள். எப்படி இறந்தாள் என்பதற்குக் கோப்பில் ஒரே ஒரு வரி இருந்தது. அப்பா ஓட்டிய பஸ்ஸில் அடிபட்டு.

அந்த இடத்தைச் சுட்டுவிட்டால் வலிப்பு நிற்கும். ஆனால் அங்கிருக்கும் நினைவுகளும் கருகிப்போகும். அதற்காகத்தான் நினைவெடுப்பு வந்தது. சுடுவதற்கு முன் நினைவுகளை வெளியே எடுத்து, வடக்கே பனிமலை அடிவாரத்தில் இருக்கும் களஞ்சியத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று வாரத்தில் சுட்ட இடத்தில் புதுத் திசு வளரும். அதன் பிறகு நினைவுகளைத் திருப்பிக் கொண்டுவந்து வைப்பார்கள். இதில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. மூளையிலிருந்து நினைவைப் படித்தாலே அது இருந்த இடத்தில் அழிந்துவிடும். எடுத்து அனுப்பும்போது ஓரிடத்தில்தான் அது இருக்கும். அங்கே போய்ச் சேராவிட்டால் எங்கேயும் இல்லை.

ஜெபக்கனி அந்தப் பிரிவில் ஆறு வருஷமாக இயந்திரத்தை இயக்குபவள். நோயாளிகளுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்வதும் அவள் வேலைதான். இசக்கிராஜா குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார். அங்கே அந்தக் களஞ்சியம் திறந்திருக்கிறது என்று இங்கிருந்து எப்படித் தெரியும்?

“தொடங்குறதுக்கு முன்னால நான் குரல் குடுப்பேன் அண்ணாச்சி. இருக்கியான்னு கேப்பேன். இருக்கேன்னு அங்கேருந்து பதில் வரணும். பதில் வராம நான் கை வைக்க மாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

இந்த ஆறு வருஷத்தில் எழுநூறு பேருக்கு மேல் அவள் அதைச் சொல்லியிருந்தாள். ஒரு தடவைகூட அது பொய்யானதில்லை.

டாக்டர் அவரிடம் இன்னொரு யோசனையும் சொல்லிப் பார்த்தார். எடுத்ததையெல்லாம் திருப்பி வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, அந்த ஒரு நாளை மட்டும் விட்டுவிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்துகொள்கிறார்கள் என்றார். இசக்கிராஜா வேண்டாம் என்றார். அந்த நாளை எடுத்துவிட்டு மீதியைத் தந்தால், பிள்ளை எங்கோ வெளியூர் போயிருக்கிறாள் என்றுதான் மனசு நினைக்கும், தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிவரும் என்றார். எல்லாமே வேண்டும். எல்லாம் சேர்ந்ததுதான் எழிலி.

மனைவி ஆவுடைச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். அந்த மூன்று வாரம் வீட்டில் மகளின் போட்டோ எதுவும் கண்ணில் படக்கூடாது, பேச்சும் எடுக்கக்கூடாது, நினைவில்லாத மனுஷரைக் குழப்பிவிடும் என்று ஜெபக்கனி அவளிடம் தனியே சொன்னாள். மாலை போட்ட போட்டோவை அரிசி டிரம்முக்குள் வைத்துவிட்டதாகவும், பள்ளிக்கூடப் பையைத் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டதாகவும் அவள் சொன்னாள். பிறகு, மூன்று வாரம்தானே அக்கா என்று இரண்டு தடவை கேட்டாள்.

எடுக்கும் நாள் வந்தது. காலை பத்து மணி. இசக்கிராஜாவின் தலையைச் சுற்றி வளையம் பொருத்தியாயிற்று. பத்து பன்னிரண்டுக்கு ஜெபக்கனி குரல் கொடுத்தாள். இருக்கிறேன் என்று பதில் வந்தது. விசையின் மேல் விரலை வைத்தபோது அவர் கூப்பிட்டார்.

“மேடம், ஒரு அஞ்சு நிமிஷம் தருவீங்களா? அவளப் பத்தி ஒண்ணு சொல்லிக்கிடுதேன். மூணு வாரம் சொல்ல முடியாதுல்லா.”

அதற்கு விதியில் இடமும் இல்லை, தடையும் இல்லை. ஜெபக்கனி விரலை எடுத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் எழிலி அப்பாவின் பஸ்ஸில்தான் வீட்டுக்கு வருவாளாம். ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கும் பேட்டரிப் பெட்டிதான் அவள் இடம். வேறு யாரும் அதில் உட்கார முடியாது. ஒவ்வொரு நிறுத்தம் வரும்போதும் கண்டக்டருக்கு முந்தி அதன் பெயரை அவளே கூவுவாள். ஒருநாள் ஒரு நிறுத்தத்தைத் தப்பாகக் கூவிவிட, ஆட்டுக்குட்டியோடு வந்த ஒருவர் அரைத்தூக்கத்தில் அங்கேயே இறங்கிவிட்டார். இரண்டு கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் பிள்ளைக்கு உறைத்தது. அழுது தீர்த்துவிட்டாள். அவர் அத்தனை பயணிகளோடும் பஸ்ஸைத் திருப்பினார். போய்ப் பார்த்தால் அந்த மனுஷர் ரோட்டில் நிற்கிறார், குட்டியைக் காணோம். பஸ்ஸில் இருந்த பாதிப் பேர் இறங்கிக் கருவேலங்காட்டுக்குள் குட்டியைத் தேடினார்கள். முக்கால் மணி நேரம். கடைசியில் அது எழிலியின் கையில்தான் வந்து சிக்கியது. அன்றிலிருந்து அந்த இடத்துக்கு ஆட்டு ஸ்டாப் என்று அவள் பெயர் வைக்க, டிக்கெட் வாங்குகிறவர்களும் அப்படியே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். கண்ணோரம் வழிந்ததை ஜெபக்கனி துடைத்துவிட்டாள். எழுந்துபோய், வழக்கப்படி இன்னொரு தடவை குரல் கொடுத்தாள். பத்து பதினேழு. இருக்கிறேன் என்றது. விசையை அழுத்தினாள்.

மொத்தமே ஒன்றே முக்கால் நிமிட வேலை. தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் பாதியில் அறுந்த நினைவு மூளையையே கெடுத்துவிடும். நான்காவது நொடியில் திரையில் பச்சை அணைந்தது. எதிர்முனை இல்லை என்று வந்தது. ஜெபக்கனி மறுபடி குரல் கொடுத்தாள். பதில் இல்லை. மறுபடியும் கொடுத்தாள். இயந்திரம் தன்பாட்டுக்கு ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, இல்லாத இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இசக்கிராஜா கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவர் முகத்திலிருந்த சுருக்கங்கள் மெதுவாக விரிவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். வேறு எதுவும் செய்ய அவளுக்கு வழியில்லை.

மலையில் மண் சரிந்து, களஞ்சியத்துக்கு நினைவுகள் போகும் தடத்தை அறுத்துவிட்டது என்று மத்தியானம் தெரிந்தது. மாற்றுத் தடமும் அதே மலையின் வழியாகத்தான் போனது.

விசாரணைக்கு வந்தவர்களுக்குப் பதிவுகளை எடுத்துக் காட்டியது செய்யது மசூது. பிரிவின் மூத்த பொறியாளர், ஜெபக்கனிக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். இரண்டு தடவை கேட்டிருக்கிறாள், இரண்டு தடவையும் பதில் வந்திருக்கிறது, அவள் மேல் தப்பில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு ஜெபக்கனி மசூதின் அறையில் போய் உட்கார்ந்தாள். ஒரு நகலாவது இங்கே வைத்துக்கொண்டு அனுப்பக்கூடாதா என்று கேட்டாள். அவளுக்கே பதில் தெரிந்த கேள்விதான். முன்பு மருத்துவமனைகள் நகல் வைத்திருந்தன. அந்த நகல்கள் வெளியே போய், யார் யாருடைய முதலிரவும் யார் யாருடைய சாவும் கைமாறின. அதன் பிறகுதான் களஞ்சியத்தைத் தவிர வேறு எவரும் ஒரு நொடிகூட நகல் வைத்திருக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. ஜனங்களே தெருவில் இறங்கிக் கேட்டு வாங்கிய சட்டம்.

“பத்து பன்னெண்டுக்கே நான் அழுத்தியிருந்தா பதினாலுக்கு முடிஞ்சிருக்கும் அண்ணே.”

மசூது நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

“முடிஞ்சிருக்கும்,” என்றார். “இன்னொரு நாளு நீ ஒடனே அழுத்தி, அன்னைக்கு அந்த நேரமே மலை சரிஞ்சிருந்தா? கேக்கதுக்கும் செய்யுததுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கத்தான் செய்யும், ஜெபா. சின்னதாக்கலாம். இல்லாம ஆக்க முடியாது. இருக்கேன்னு வார பதிலு, கேட்ட அந்த நேரத்துக்கு மட்டுந்தான். அடுத்த நிமிஷத்துக்கு அது யாருக்கும் வாக்குக் குடுக்கல.”

ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனாலேயே அது ஆறுதலாகவும் இல்லை.

ஆவுடைச்செல்வியிடம் அன்றைக்கே சொல்லியாயிற்று. அவள் கத்தவில்லை. எத்தனை போயிற்று என்று கேட்டாள். எல்லாம் என்றார் டாக்டர். எல்லாம் என்றால் பிறந்ததுமா என்று கேட்டாள்.

அவரிடம் சொல்வதற்கு மூன்று வாரம் பொறுத்தார்கள், திசு வளர வேண்டுமென்று. அந்த மூன்று வாரமும் ஒரு வலிப்புகூட வரவில்லை. நன்றாகத் தூங்கினார், நன்றாகச் சாப்பிட்டார், இரண்டு கிலோ எடை ஏறியிருந்தது. ஒரு புதன்கிழமை அவரை வரவழைத்து, நினைவெடுப்புக்குச் சம்மதம் சொல்லி அவரே பேசிய காணொளியைப் போட்டுக் காட்டினார்கள். தன் முகமே தன் குரலில் என் மகள் எழிலி என்று சொல்வதை அவர் உட்கார்ந்து பார்த்தார். ஆவுடைச்செல்வி போட்டோவை எடுத்து நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“நல்ல லெச்சணமான பிள்ளை,” என்றார்.

வேறு யாருடைய பிள்ளையையோ பார்த்துச் சொல்வதுபோல இருந்தது அது. ஆவுடைச்செல்வி எழுந்து வெளியே போய்விட்டாள். ஜெபக்கனி பின்னாலேயே போனாள். தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டு அவள் சொன்னாள், இரண்டு வருஷம் ரெண்டு பேருமாகத் தூக்கியதைத் தன் ஒருத்தி தலையில் வைத்துவிட்டார்கள் என்று. பிள்ளை எப்படிச் செத்தாள் என்று கேட்டால் மூளைக்காய்ச்சல் என்றுதான் சொல்லப்போவதாகவும் சொன்னாள். அந்த ஒன்றாவது அவருக்கு இல்லாமல் போகட்டும். நீங்களும் சொல்லக்கூடாது அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெபக்கனி தலையாட்டினாள்.

அடுத்தடுத்த வாரங்களில் அவர் சோதனைக்கு வரும்போதெல்லாம் மகளைப் பற்றி எல்லாரிடமும் விசாரித்தார். கடமையைப்போல விசாரித்தார். என்ன வகுப்பு, என்ன பிடிக்கும், யார் ஜாடை. ஒருநாள் ஜெபக்கனி தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அந்த ஐந்து நிமிஷத்தில் அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், அவர் கைகாட்டிய இடத்தில் கைகாட்டி, சிரித்த இடத்தில் நிறுத்திச் சொன்னாள். அவரும் ரசித்துத்தான் கேட்டார். முடித்ததும் கேட்டார், “அந்தக் குட்டி யாரு கையில கெடச்சுச்சுன்னு சொன்னீங்க?”

ஜெபக்கனி அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்துக் களஞ்சியத்திலிருந்து செய்தி வந்தது. தடம் அறுவதற்கு முந்தைய அந்த நான்கு நொடியில் ஒரே ஒரு நினைவு வந்து சேர்ந்திருக்கிறது. நாற்பது நிமிட நீளம். முழுசாக இருக்கிறது. மசூது அந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இயந்திரம் எப்போதும் வலுவானதைத்தான் முதலில் எடுக்கும், வலிப்பு கிளம்புகிற இடத்திலிருந்து. எடுப்பதற்கு முன் போட்ட வரைபடத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முந்நூற்று நாற்பது நினைவுகளில் மிச்சமிருந்தது அந்த ஒரு நாள்தான்.

உடையவர் இருக்கும்போது வேறு யாரும் அதை அழிக்க முடியாது. அவரைத்தான் கேட்க வேண்டும். டாக்டரே சொல்வதாக இருந்தது. ஜெபக்கனி தானே சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது என்று சொன்னதும் இசக்கிராஜாவின் முகம் மாறிய விதத்தை அவள் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டாள். அது எழிலியின் கடைசி நாள் என்றும் சொன்னாள். வேண்டாம், அழித்துவிடுங்கள் என்று ஆவுடைச்செல்வி உடனே சொன்னாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

“அதுல அவ கொஞ்ச நேரமாவது உசுரோட இருப்பாளா மேடம்?”

“இருப்பா அண்ணாச்சி. பஸ்ல வந்து ஏறுனதுல இருந்து இருக்கும்.”

சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. வார்த்தை போய்விட்டது. ஆவுடைச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். இசக்கிராஜா மட்டும் அதிர்ந்ததாகத் தெரியவில்லை.

“பஸ்லதானா,” என்றார். “நெனச்சேன். ஷெட்டுல ஒருத்தனும் எம் முகத்தப் பாத்துப் பேச மாட்டேங்கான். வண்டி ஓட்டலாம்னு டாக்டர் சொல்லியாச்சு, எவனும் சாவியக் கையில தர மாட்டேங்கான். காய்ச்சல்ல செத்த பிள்ளைக்கு இப்படி இருக்காதுல்லா.” மனைவி பக்கம் திரும்பினார். “யாரு ஓட்டுனது ஆவுடை?”

அவள் கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு, “நீங்கதான்,” என்றாள்.

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகளுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை.

“தெரிஞ்சும் எங்கூடயே இருந்தியா?”

“நீங்க அழுதீங்க. ரெண்டு வருஷமா தெனமும் அழுதீங்க. கூட அழ வேற ஆளு எனக்கு எங்க இருக்கு?”

அதைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என்று ஜெபக்கனி சொன்னாள். வலிப்பு திரும்ப வராது. மற்றதெல்லாம் வரும். பிள்ளை பிறந்ததும் வளர்ந்ததும் இல்லாமல், செத்தது மட்டும் இருக்கும். யாருக்கும் அப்படி வைத்ததில்லை. யோசித்துச் சொல்லுங்கள், ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

“போட்டோல அவ அசைய மாட்டேங்கா மேடம்,” என்றார் இசக்கிராஜா. “நீங்கள்லாம் சொல்லுதீக, கேட்டுக்கிடுதேன். அவ எனக்கு ஆருன்னே தெரியல. நாப்பது நிமிஷமாவது தெரிஞ்சுக்கிடுதேன். வைங்க.”

ஆவுடைச்செல்வி அதற்கு மேல் தடுக்கவில்லை.

வைப்பது எடுப்பதைப்போல ஆபத்தானதில்லை. வந்து சேர்ந்தது சரியாக இருக்கிறது என்று இங்கிருந்து சொன்ன பிறகுதான் அங்கே அழிப்பார்கள். ஆனாலும் ஜெபக்கனி இயந்திரத்தைவிட்டு விலகி நின்றாள். விசையை மசூதுதான் அழுத்த வேண்டியிருந்தது.

அவர் விழிப்பதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். வெளியே பெஞ்சில் ஆவுடைச்செல்வியின் பக்கத்தில் போய் ஜெபக்கனி உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தாள். அந்த ஐந்து நிமிஷத்தைப் பற்றி இதுவரை அவளிடம் சொன்னதில்லை. இன்றைக்குச் சொன்னாள். ஆவுடைச்செல்வி கேட்டுக்கொண்டாள். கோபப்படவில்லை.

“எங்கிட்டயும் ஒண்ணு இருக்குக்கா,” என்றாள். “அன்னைக்கு நான் வீட்டுல இருந்தேன். பக்கத்துல இருந்தவுக சொன்னதுதான் எனக்குத் தெரியும். எறங்குன பிள்ளை என்னத்தையோ எடுக்கத் திரும்பி வண்டிக்கு முன்னால குனிஞ்சிருக்கா. இவுக வண்டிய எடுத்துட்டாக. பாத்து எடுத்தாகளா, பாக்காம எடுத்தாகளான்னு ரெண்டு வருஷமா நான் கேக்கவே இல்ல. பாக்கலன்னு சொல்லிட்டாகன்னா, அப்புறம் எப்படிச் சோறு போடுவேன்? அதான் கேக்கல. அவுகளும் சொல்லல. ஒரே வீட்டுக்குள்ள அத நடுவுல வச்சுக்கிட்டே கெடந்தோம். பெறவு அந்த மலை சரிஞ்சது. இனி கேக்க ஆளே இல்லன்னு ஆயிட்டு.”

நர்ஸ் வந்து கூப்பிட்டாள். இருவரும் உள்ளே போனார்கள்.

இசக்கிராஜா விழித்திருந்தார். வாயைத் துண்டால் பொத்தியிருந்தார், உடம்பு மொத்தமும் குலுங்கிக்கொண்டிருந்தது. ஆவுடைச்செல்வி கட்டிலில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். நாடித்துடிப்பைக் குறிக்க வந்த ஜெபக்கனி வாசலோரம் நின்றுவிட்டாள். குலுக்கல் அடங்க நேரமாயிற்று. துண்டை எடுத்த பிறகு அவர் குரல் தெளிவாகத்தான் இருந்தது.

“அவ முன்படியில எறங்குனா, ஆவுடை. பையி கம்பியில மாட்டிக்கிட்டு. இழுத்து எடுத்தா. நான் எறங்கிட்டியான்னு கேட்டேன். எறங்கிட்டேன்ப்பான்னா. கேட்டுட்டுத்தான் வண்டிய எடுத்தேன். பதில் வந்த பெறவுதான் எடுத்தேன்.”

ஆவுடைச்செல்வியின் கை அவர் தோளில் அப்படியே இருந்தது. முகத்தை மட்டும் அவர் முதுகில் சாய்த்துக்கொண்டாள். வாசலோரம் நின்ற ஜெபக்கனி நாடித்துடிப்பைக் குறிக்கும் அட்டையைக் கீழே வைத்தாள்.

“சத்தமாச் சொன்னாளா?” என்று ஆவுடைச்செல்வி கேட்டாள்.

“சத்தமாத்தான் சொன்னா.”

“அதுக்கு முன்னால என்ன பேசுனா? ஏறுனதுல இருந்து சொல்லுங்க.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூட வாசலில் பஸ் நின்றதிலிருந்து சொல்லத் தொடங்கினார்.